சிவப்புக் கட்டம்

ஜூலை 4, வியாழன்

மூன்று நாள் பயிற்சி இன்றோடு ஒழிந்தது. சிறப்பாசிரியர் வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பயிற்சிக்குப் போயிருக்கிறேன். வடையைத் தின்றுவிட்டு, கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இது அப்படி இல்லை. ஆளுக்கொரு டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள், டேப் என்று பெயர். பேச்சு வராத பிள்ளைகளுக்காக இது பேசுமாம். திரையில் கட்டம் கட்டமாகப் படம் இருக்கும். பிள்ளை தண்ணீர்ப் படத்தைத் தொட்டால் "தண்ணீர்" என்று சத்தம் வரும். விஷயம் அவ்வளவுதான். அதைச் சொல்ல மூன்று நாள்.

சொல்லிக்கொடுக்க வந்தவன் பெயர் ஜெரால்டு. என் மகன் வயசுகூட இருக்காது. "மேடம், ரெண்டு விஷயத்த மட்டும் மறந்துடாதீங்க. படத்தோட இடத்த மாத்தாதீங்க. நமக்கு நாக்கு மாதிரி இவங்களுக்கு விரல், அது இடத்தப் பழகி வச்சிருக்கும். அப்புறம், எதை அமுக்கினாலும் நிஜப் பேச்சாவே எடுத்துக்கோங்க. தெரியாம அமுக்கிட்டான்னு நீங்களா முடிவு கட்டாதீங்க" என்றான். பக்கத்தில் இருந்த கடையநல்லூர் டீச்சர், "இவன் வீடு வீடாப் போயி பாத்துருக்கானாக்கும்" என்று என் காதில் முணுமுணுத்தாள். எனக்கும் அதே நினைப்புதான். ஏசி ரூமில் நின்றுகொண்டு என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

கிளம்பும்போது எங்கள் மேற்பார்வையாளர் சண்முகையா சார் எல்லாரையும் நிறுத்தி, "டேப்ப பீரோவுல பூட்டி வச்சிராதீய. இதுல முன்னேற்றம் காட்டுறவங்கதான் அடுத்த வருஷமும் இருப்பாங்க" என்றார். ஒப்பந்த வேலைக்காரிக்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

ஜூலை 10, புதன்

ஆலடிக்குளத்துக்கு ஸ்கூட்டரில் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. ரோடு போடுகிறேன் என்று ஜல்லியைக் கொட்டிவைத்துவிட்டுப் போன மகராசன் யாரோ, நல்லா இருக்கட்டும்.

முப்பிடாதிக்குப் பன்னிரண்டு வயசு. பிறக்கும்போதே மூளைக்கு மூச்சு எட்டாமல் கை கால் இழுத்துக்கொண்ட பிள்ளை. நடக்க முடியாது, பேச்சு வராது. வலது கை மட்டும் கொஞ்சம் சொன்னபடி கேட்கும். தலையணை முட்டுக்கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். ஆனால் கண் இருக்கிறதே, அப்பா! வீட்டுக்குள் யார் எது செய்தாலும் அந்தக் கண் பின்னாலேயே போகும். பதிவேட்டில் அவள் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. புதன்கிழமைதோறும் நான் போவதுதான் அவளுடைய பள்ளிக்கூடம்.

அம்மா வேலம்மாள் பீடி சுற்றுகிறவள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும். யார் வந்தாலும் அவள் கை நிற்காது. புருஷன் கேரளாவில் ஓட்டல் வேலை, பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வருவான். டேப்பை எடுத்துக் காட்டி, தண்ணீர்ப் படத்தைத் தொட்டேன். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றது ஒரு பெண் குரல். வேலம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன டீச்சர், ரயில்வே ஸ்டேஷன்ல பேசுதவ மாரி இருக்கு. எம்புள்ள இப்படியா தண்ணி கேப்பா?" என்றாள். முப்பிடாதியும் சிரித்தாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. ஆனால் அவள் சொன்னதும் சரிதான்.

ஜூலை 11, வியாழன்

மிஷின் குரல் வேண்டாம் என்று முடிவு. என் குரலிலேயே ஒவ்வொன்றாகப் பதிவு செய்தேன். அம்மா. தண்ணி. சோறு. டிவி. கக்கூஸ் வருது. போதும். வலிக்குது. டீச்சர். மிக்ஸி ஓடாத நேரம் பார்த்து அடுக்களையில் நின்றுகொண்டு பேசினேன். "வலிக்குது" சரியாக வரவே இல்லை. சாதாரணமாகச் சொன்னால் பாடம் படிப்பது போல இருந்தது, இழுத்துச் சொன்னால் நாடகம். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "எங்கடி வலிக்குது?" என்றார். ஒன்றுமில்லை, போங்க என்றேன். கடைசியில் அந்த நாடகக் குரலையே வைத்துவிட்டேன். அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்து வலது கைப் பக்கம் கீழ் மூலையில் வைத்தேன்.

ஜூலை 17, புதன்

ஒன்றும் நடக்கவில்லை. கை டேப்பின் மேல் விழுகிறது, எதிலாவது படுகிறது, ஏதாவது சத்தம் வருகிறது. வேலம்மாள் பீடி சுற்றிக்கொண்டே, "எதுக்கு டீச்சர் அவள வதைக்கிய? அவளுக்கு என்ன வேணும்னு அவ மூஞ்சியப் பாத்தாலே எனக்குத் தெரியுமே" என்றாள். தெரியும்தான். பன்னிரண்டு வருஷமாக அவள்தானே வாய்.

மழை வரும் போல இருந்தது, வரவில்லை. ரேஷனில் துவரம்பருப்பு இல்லை.

ஜூலை 31, புதன்

இன்று பேசினாள்! என் கண்ணாலே பார்த்தேன், காதாலே கேட்டேன். வேலம்மாள் அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது இட்லியைப் பிய்த்து ஊட்டும்போது முப்பிடாதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலம்மாள் தாடையைப் பிடித்து, "இன்னும் ஒண்ணு" என்றாள். முப்பிடாதியின் கை எழும்பியது. நடுங்கியது, எங்கெங்கோ போனது, திரும்பி வந்து சரியாக ஒரு கட்டத்தின் மேல் இறங்கியது. "போதும்" என்றது என் குரல்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்த வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை, சத்தியமாக. அழுதேன் என்றுகூட எழுதலாம், யார் படிக்கப்போகிறார்கள். ஆனால் வேலம்மாள் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு இட்லிதான் தின்னுருக்கா. அதெப்படி போதும்?" என்றாள். பிள்ளை பேசிவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை. பெற்றவளுக்கு இதுகூடப் புரியாதா என்று கோபம்தான் வந்தது எனக்கு.

ஆகஸ்ட் 7, புதன்

இன்று வினை. நான் போன நிமிஷத்திலிருந்து முப்பிடாதி சிவப்புக் கட்டத்தையே அமுக்கினாள். "வலிக்குது." "எங்கட்டி வலிக்குது?" என்று வேலம்மாள் கை, கால், முதுகு எல்லாம் தடவிப் பார்த்தாள். புண் இல்லை. எறும்பு கடிக்கவில்லை. காய்ச்சல் இல்லை. தண்ணீர் கொடுத்தோம், திருப்பி உட்கார வைத்தோம். கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். மறுபடியும் "வலிக்குது."

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "வலிக்குது வலிக்குது" என்று என் குரலிலேயே நீட்டி முழக்கின. எதிர் வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, "என்ன வேலம்மா, புள்ளய அடிச்சியா?" என்று கேட்டாள். வேலம்மாள் முகம் கறுத்துப்போனது. "நேத்து ராத்திரி எண்ணெ தேச்சி, கால் அமுக்கி, தூங்க வச்சிருக்கேன். ஊரு முன்னால எம்மேல பிராது குடுக்கா பாத்தீயளா" என்று கண்ணைத் துடைத்தாள். எனக்கே பாவமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். விஷயம் வேறொன்றுமில்லை. அவள் கை ஓய்ந்து விழுகிற இடம் அந்த வலது மூலை. படம் அங்கே இருப்பதால் கை பட்டுவிடுகிறது. இடத்தை மாற்றினால் சரியாகிவிடும். ஜெரால்டு மாற்றாதே என்றானே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவன் இந்தப் பிள்ளையைப் பார்த்தானா என்ன.

ஆகஸ்ட் 14, புதன்

சிவப்பை இடது பக்கம் மேல் மூலைக்குக் கொண்டுபோனேன். அவளுக்கு எட்டாத இடம். இனிமேல் தொல்லை இருக்காது என்று வேலம்மாளுக்கும் சொன்னேன்.

முப்பிடாதி தேடினாள். கண்ணால் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வந்து கண்டுபிடித்தாள். பிறகு தோளையே தூக்கி, உடம்பைச் சாய்த்து, எச்சில் ஒழுக ஒழுக எட்டி அமுக்கினாள். "வலிக்குது."

சிவப்பு நிறம் பிடித்திருக்கிறது போல. இல்லாவிட்டால் அந்த நாடகக் குரல். அதைக் கேட்டால் அம்மா பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு ஓடிவருகிறாள் அல்லவா, அதுதான் ருசி. சின்னப் பிள்ளைகள் எல்லாம் செய்கிற வேலைதான். வேலம்மாள் நேற்று ஊருக்கு வருகிற நர்சம்மாவிடம் காட்டினாளாம். ஒன்றுமில்லை, வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார்களாம். நான் சொன்னேன், பார்த்தாயா என்று. வேலம்மாள் இனிமேல் புதன்கிழமை மட்டும் டேப்பை எடுப்பாளாம், மற்ற நாளெல்லாம் அது பீரோ மேலே இருக்குமாம். சரி என்றேன்.

ஆகஸ்ட் 21, புதன்

அதே கதை. தலைவலி.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சண்முகையா சார் போன். சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வருகிறாராம், பெண். டேப் வேலை செய்கிற வீடு ஒன்றைப் பார்க்க வேண்டுமாம். "உங்க புள்ளதான் நல்லா பண்ணுதுன்னு சொல்லிட்டேன் டீச்சர். புதன்கிழம கூட்டிட்டு வாரேன். மானத்தக் காப்பாத்துங்க" என்றார். கடையநல்லூர் டீச்சரின் பிள்ளை டேப்பைக் கடித்துவிட்டதாம், அங்கே போக முடியாதாம்.

அதிகாரி வந்து நிற்கும்போது இவள் "வலிக்குது வலிக்குது" என்று ஆரம்பித்தால்? பிள்ளையை என்னம்மா செய்கிறீர்கள் என்றுதானே கேட்பார்கள்? வேலம்மாளை வேறு சந்தேகப்படுவார்கள்.

செப்டம்பர் 2, திங்கள்

முறை நாள் இல்லாவிட்டாலும் ஆலடிக்குளம் போனேன். வேலம்மாள் சுற்றிய பீடியைக் கடையில் போடப் போயிருந்தாள். முப்பிடாதி மட்டும் நாற்காலியில் இருந்தாள். பீரோ மேலிருந்த டேப்பை எடுத்து, அவள் எதிரில் உட்கார்ந்துதான் மாற்றினேன். வலிக்குது படத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டு, "வணக்கம்" என்று பதிவு செய்தேன். நிறத்தை மாற்றவில்லை. சிவப்பாகவே இருந்தால்தானே அமுக்குவாள். என் விரல் போன இடமெல்லாம் அவள் கண் வந்தது.

அமுக்கினாள். "வணக்கம்." திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். மறுபடியும் அமுக்கினாள். நான் கைதட்டி, "ஆமாடா தங்கம், வணக்கம்! பெரிய மேடம் வாராங்க, அவங்களுக்குச் சொல்லணும்" என்றேன். வேலம்மாளிடம் வணக்கம் புதிதாகச் சேர்த்ததை மட்டும் சொன்னால் போதும். இரண்டு நாளைக்குத்தானே. அவர்கள் போனதும் பழையபடி வைத்துவிடலாம்.

செப்டம்பர் 4, புதன்

அமோகம்! வேறு வார்த்தை இல்லை.

இரண்டு கார் நிறைய ஆட்கள். வேலம்மாள் பீடித்தட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பட்டுச்சேலை கட்டியிருந்தாள். முப்பிடாதிக்குப் பவுடர் போட்டுப் பூ வைத்திருந்தோம். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவள் முன்னால் குனிந்தார். முப்பிடாதி தோளைத் தூக்கினாள், சாய்ந்தாள், எட்டினாள். "வணக்கம்."

மேடம் "வணக்கம்மா!" என்று கைகூப்பினார். முப்பிடாதி விடவில்லை. வணக்கம். வணக்கம். வணக்கம். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. சண்முகையா சார், "போதும் தாயி, எங்க எல்லாருக்கும் சொல்லிட்ட" என்றார். போனில் வீடியோ எடுத்தார்கள். பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வியர்த்து, பவுடர் கோடு கோடாக வழிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தாள். அத்தனை பேரை ஒன்றாகப் பார்த்த பரபரப்பு. மேடம் கொடுத்த லட்டைக்கூடத் தின்னவில்லை.

முதல் தடவையாக வேலம்மாள் டேப்பைத் தன் முந்தானையால் துடைத்தாள். "எம்புள்ள ஆபீசருக்கு வணக்கம் சொல்லிட்டா டீச்சர்" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றுகிறது. போன் ஓயவில்லை. கடையநல்லூர் டீச்சர் ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினாள். பொறாமைக்காரி.

செப்டம்பர் 11, புதன்

இப்போது டேப் பீரோ மேலே இல்லை, எப்போதும் முப்பிடாதி மடியில்தான். தெருவில் போகிறவர்கள் எல்லாம் வந்து வணக்கம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வேலம்மாள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பழைய படத்தைத் திரும்பப் போடலாமா என்று யோசித்தேன். இப்போதுதான் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கிறாள், குழப்ப வேண்டாம். தீபாவளிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லையாம். நேற்று வாந்தி. வயிறு கொஞ்சம் கல் மாதிரி இருக்கிறது. பித்தமாக இருக்கும், இஞ்சி தட்டிக் கொடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

வேலம்மாள் போன் செய்தாள். திருநெல்வேலியில் இருக்கிறார்களாம். ஆபரேஷனாம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி. முப்பிடாதியை உள்ளே வைத்திருக்கிறார்கள், பார்க்க விடவில்லை. குடல் முறுக்கிக்கொண்டு, ரத்தம் போகாமல் கறுத்துவிட்டதாம். ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டுப் பை வைத்திருக்கிறார்கள். இனிமேல் மலம் அதில்தான் போகும். பிழைத்துக்கொள்வாள் என்றார்கள்.

ஆபரேஷன் செய்த டாக்டர் சின்ன வயசு, பொறுமையாகப் பேசினார். "இந்த மாதிரி பிள்ளைகளுக்கு வர்றதுதாங்க. முறுக்கும், தானா விடும், திரும்ப முறுக்கும். ஒரு மாசத்துக்கு மேலவே வலிச்சிருக்கும். வலிக்குதுன்னு சொல்லியிருந்தா ஸ்கேன்ல அப்பவே தெரிஞ்சிருக்கும். பாவம், சொல்லத் தெரியல" என்றார். ஆமா டாக்டர், பேச்சு வராது என்றேன்.

வராந்தாவில் வேலம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கைக்கு வேலை இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் ஒயர்கூடை, அதில் துண்டு, பிளாஸ்க், டேப்.

"சனிக்கிழம நம்ம பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான் மொதல்ல தூக்கிட்டுப் போனேன் டீச்சர்" என்றாள். "இத எடுத்துட்டுப் போனேன். வேண்டாம்னு பீரோ மேல வச்சவ, நானே எடுத்துட்டுப் போனேன். டாக்டர் எங்க வலிக்குன்னு கேட்டாரு. இவ மடியில இத வச்சி, சொல்லுட்டி, டாக்டர்ட்ட சொல்லுன்னேன். அந்தச் செவப்ப அமுக்குனா. வணக்கம்னுச்சு. டாக்டர் சிரிச்சாரு. வணக்கம்மான்னு கும்புட்டாரு. திருப்பித் திருப்பி அதையே அமுக்குதா. கண்ணுல தண்ணியா ஊத்துது, வணக்கம் வணக்கம்னு சொல்லுதா. நல்லாத்தானம்மா இருக்கா, கேஸா இருக்கும்னு மாத்திர எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு."

நான் கூடையிலிருந்த துண்டை எடுத்து மடித்தேன்.

"அந்த வலிக்குது படம் எங்க டீச்சர்? எல்லாத்தையும் தேடிப் பாத்தேனே. எங்க போச்சு?"

சாஃப்ட்வேரில் ஏதோ கோளாறாக இருக்கும் என்றேன். சில நேரம் தானாகவே அழிந்துவிடும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள்.

செப்டம்பர் 18, புதன்

லீவு. படுத்தே கிடந்தேன்.

அந்தப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? படித்தவன்தானே? மிஷின் வணக்கம் சொன்னால் வயிறு சரியாகிவிடுமா? நர்சம்மா ஓமத்தண்ணீர் கொடுக்கச் சொன்னாளே, அவளை யார் கேட்பது? யாரையும் கேட்க முடியாது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

ஜெரால்டு நம்பரைத் தேடி எடுத்துப் போன் செய்தேன். "மேடம், உங்க வீடியோவ எல்லா பயிற்சியிலயும் காட்டறேன்! எப்படி இருக்கா பாப்பா? வணக்கத்துக்கு அடுத்து என்ன பேசறா?" என்று உற்சாகமாகக் கேட்டான். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 16, புதன்

முப்பிடாதி வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. எலும்புக்கூடு மாதிரி ஆகிவிட்டாள். பாவாடைக்கு மேலே அந்தப் பை தெரிகிறது. நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலில் பிள்ளைகள் யாரும் இல்லை.

நான் எல்லாவற்றையும் சரிசெய்து கொண்டுபோயிருந்தேன். சிவப்புக் கட்டம் வலது கீழ் மூலையில், முதலில் இருந்த இடத்திலேயே. "வலிக்குது" என்பதற்குப் பக்கத்தில் வயிறு, தலை, கால், முதுகு எல்லாம் படம் போட்டு வைத்திருந்தேன். விரிவாக, அழகாக. மடியில் வைத்தேன்.

அவள் வலது கையை மார்போடு சேர்த்து மடக்கிக்கொண்டாள். நான் மெதுவாக விரலைப் பிரித்துப் பார்த்தேன். அந்த மெலிந்த கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அக்டோபர் 23, புதன்

தொடவில்லை.

நவம்பர் 6, புதன்

தொடவில்லை. பசித்தால் கண்ணை மூடிக்கொள்கிறாளாம். பை நிறைந்து கசிந்தாலும் அப்படியேதானாம். முன்பெல்லாம் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரியும் என்ற வேலம்மாளுக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் ஒன்றுமே வருவதில்லை, அப்புறம் எதைப் பார்ப்பது. அந்தக் கண்கூட யார் பின்னாலும் போவதில்லை. நான் எதிரில் உட்கார்ந்தால் மட்டும் என்னைப் பார்க்கிறது. எனக்கு அந்தக் கண்ணைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

வேலம்மாள் டேப்பை மகள் மடியில் வைத்துக் கெஞ்சுகிறாள். "ஒரு வாட்டி அமுக்குட்டி. எம்மேல கோவமா? அம்மா உன்னய நம்பலன்னு கோவமா? வைய்யிட்டி, வாய்க்கு வந்தபடி வைய்யி. பேசாம மட்டும் இருக்காத." பிள்ளை தன்மேல்தான் கோபமாக இருக்கிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் பைக்குள் எதையோ தேடுவது மாதிரி குனிந்துகொண்டேன்.

நவம்பர் 18, திங்கள்

சண்முகையா சார் கூப்பிட்டார். ஒப்பந்தம் நீட்டித்தாகிவிட்டது. முப்பிடாதியின் டேப்பை வேறு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டுமாம். "அதுதான் இப்ப தொடுறதில்லைன்னு நீங்களே சொல்லுதியே. சும்மா வச்சி என்ன செய்ய?" இந்தப் புதனோடு வாங்கி வந்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

நவம்பர் 19, செவ்வாய்

வீட்டுக்காரர் வெளியே போன பிறகு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்று பதிவு செய்தேன். "வலிக்குது படத்த டீச்சர்தான் எடுத்தாங்க." ஒரே தடவையில் வந்துவிட்டது. அதற்கு என் போட்டோவைப் படமாக வைத்தேன்.

என் வாயால் என்னால் சொல்ல முடியவில்லை. அவள் சொல்லட்டும். பார்த்தவள் அவள்தானே. வேலம்மாள் என்னை என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும், அடிக்கக்கூட அடிக்கட்டும். பிள்ளைக்குத் தன் அம்மாமேல் கோபம் இல்லை என்றாவது அவளுக்குத் தெரியட்டும்.

நவம்பர் 20, புதன்

வேலம்மாள் காப்பி போட அடுக்களைக்குள் போனாள். நான் சத்தத்தைக் குறைத்து, டேப்பை முப்பிடாதி காதோரம் வைத்து அந்தக் கட்டத்தை அமுக்கிக் காட்டினேன். கேட்டாள். புரிந்தது அவளுக்கு. என் போட்டோவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மாசக்கணக்கில் செத்துக்கிடந்த முகத்தில் ஏதோ அசைந்தது. "அம்மா வந்ததும் இத அமுக்கு தாயி. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன்.

வேலம்மாள் காப்பியோடு வந்தாள். சத்தத்தைக் கூட்டி, டேப்பை மடியில் வைத்தேன். முப்பிடாதியின் கை மார்பிலிருந்து இறங்கியது. வேலம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். கை நடுங்கி நடுங்கி என் போட்டோவுக்கு நேரே வந்து நின்றது. தொடவில்லை. அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான்தான் கண்ணைத் தாழ்த்தினேன்.

பிறகு அந்தக் கை டேப்பைப் பக்கவாட்டில் தள்ளியது. அது மடியிலிருந்து சரிந்து என் காலடியில் விழுந்தது. கையைப் பழையபடி மார்போடு மடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

வேலம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எடுத்துட்டுப் போயிருங்க டீச்சர். இனிமே இவ யார்ட்டயும் பேச மாட்டா" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். காப்பி ஆறுது, குடிங்க என்றாள். குடித்தேன்.

வாசல் வரை வந்து வழியனுப்பினாள். நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது தோளைத் தொட்டு, "மிஷின் கோளாறுக்கு நீங்க என்ன செய்வீய டீச்சர்? நீங்க எம்புள்ளைக்கு எவ்வளவோ செஞ்சீய. மனசப் போட்டு ஒழப்பிக்கிடாதீய" என்றாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.